ஃபெடரல் மயில்சாமி

மயில்சாமிக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவருடைய கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் என் தூக்கம் போனது.

நீங்களே சொல்லுங்கள். நான் நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. யாருடைய வீடு தானாக எரிந்தது, யாருடைய வீடு எரிக்கப்பட்டது என்று ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தே ரிடையர் ஆனவன். இத்தனை காலத்தில் நான் படியேறிய ஒரே கோர்ட், எங்கள் டவுன் கோர்ட். இடது பக்கம் திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிவிட்டேன். அதிலும் டிக்கெட் எழுதிய போலீஸ்காரர் வரவில்லை என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் தரப்பு வாதத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகி வைத்திருந்தேன். கேட்க நாதியில்லை.

மயில்சாமி வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறார். தெருவில் நாய் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டு, 'வாங்க' என்று சொல்லக்கூடிய மனிதர். அவருக்குப் போய் ஃபெடரல் கோர்ட், மத்திய சர்க்காரின் கோர்ட்.

"பாத்தியளா?" என்றாள் என் மனைவி அமலி, காய்கறி நறுக்கிக்கொண்டே. "எட்டு வருசத்துல அவியளுக்கு ஃபெடரலு. இருவத்தாறு வருசத்துல ஒங்களுக்கு ஒரு லெஃப்ட் டர்னு."

நான் பேப்பர் படிப்பது போல் இருந்தேன்.

மயில்சாமி வேலை பார்த்தது மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனியில். பெயரைச் சொன்னால் என் மேலும் கேஸ் வரும். என் ராசிக்கு அது டவுன் கோர்ட்டில்தான் வரும். ஆகவே மூடிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைகள் திறக்க முடியாத மூடி. பெரியவர்களாலும் திறக்க முடியாது என்பது கம்பெனியின் தனிப் பெருமை. மூடி போதுமான அளவுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று சோதிப்பது மயில்சாமியின் உத்தியோகம்.

அவருடைய மேனேஜர் ராபர்ட் ஹால்வர்சன். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு நாள் கம்பெனிக்கு ஆலோசகர்கள் வந்தார்கள். இனி இங்கே பெரியவர் சிறியவர் கிடையாது, எல்லோரும் சமம் என்று கண்டுபிடித்து, அறைச் சுவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஹால்வர்சன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இன்று முதல் நான் வெறும் பாப். சார் கிடையாது, மிஸ்டர் கிடையாது. நாம் எல்லோரும் சமம். இது என் உத்தரவு. மீறுகிறவர்களை நான் சும்மா விடப்போவதில்லை."

சுவர் போனதில் ஒரு சங்கடம் இருந்தது. முன்பெல்லாம் மேனேஜர் எப்போதாவதுதான் அறையை விட்டு வெளியே வருவார். இப்போது உள்ளே போக அறை இல்லாததால் சதா நடந்துகொண்டே இருந்தார். அவர் கடந்து போகும்போதெல்லாம் மயில்சாமி எழுந்து நின்றார்.

முதலில் பாப், இவர் பாத்ரூம் போகிறார் என்று நினைத்து வழிவிட்டார். ஒரு வாரம் வழிவிட்ட பிறகு, இவர் தன்னைக் கேலி செய்கிறார் என்று முடிவுக்கு வந்தார். "இனி எழுந்திருக்காதே" என்று சொன்னார். மயில்சாமி எழுந்து நின்று, "சரிங்க சார்" என்றார்.

"எதுக்கு மயில்சாமி எந்திரிக்கிறீங்க? பேசாம உக்காந்திருக்க வேண்டியதுதானே?" என்று நானே ஒரு நாள் கேட்டேன்.

"நானா எந்திரிக்கறனுங் சார்? மூளை உக்காருன்னுதான் சொல்லுது. மொழங்கால் கேட்டாத்தானுங்? பள்ளிக்கோடத்துல வாத்தியார் பழக்குனது. வாத்தியார் செத்தே போயிட்டாரு. மொழங்காலுக்கு இன்னும் தாக்கல் போகலீங்."

கடைசியில், 'தொடர்ந்து கீழ்ப்படியாமை' என்று எழுதி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மரியாதை காட்டாதே என்று மேலதிகாரி சொல்லியும் கேளாமல் மரியாதை காட்டிய குற்றம். அந்த வார்த்தை அவரை விடவில்லை. இண்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டார்கள். 'அடங்காதவர்' என்று பதில் வந்தது. அடங்காதவரைப் பார்க்க ஆசைப்பட்டு எட்டிப் பார்த்தவர்கள், மயில்சாமி வாசலில் எழுந்து நிற்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். வேலை மட்டும் தரவில்லை.

"எங்கய்யனை ஒரு பொழுது எதுத்துப் பேசுனவன் இல்லீங் சார் நானு," என்று என் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். "என்னையப் போயி அடங்காதவன்னு எழுதிப்போட்டாங்களே. அந்தச் சொல்லை அழிக்கோணும். எஞ் சேர்ல மறுக்கா நான் போயி உக்காரோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்."

அப்போது எனக்கு அவர் மேல் இரக்கம்தான். ஃபெடரல் எல்லாம் பிறகு வந்தது.

ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில், நகைக்கடைக்கு மாடியில், ஒரு வக்கீல் இருந்தார். அவரிடம் போனார் மயில்சாமி. வக்கீல் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார். எனவே மயில்சாமி தானே கேஸை எழுதி, கவுண்டி கோர்ட்டில், அதாவது மாநிலத்தின் கோர்ட்டில் போட்டார். மூடிக் கம்பெனி ஒன்றாவது பிரதிவாதி, பாப் இரண்டாவது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடுகிறவருக்கு இந்த ஊரில் 'ப்ரோ சே' என்று ஒரு லத்தீன் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி புஷ்பவல்லி கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்கூட்டுக்காரரு இப்ப ப்ரோ சே ஆயிட்டாருங்" என்று சொன்னாள். தமிழ்ச் சங்கச் செயலாளர் நெடுஞ்செழியன் என்னைத் தனியாக அழைத்து, "அது எம்.பி.ஏ.வுக்கு மேலயா, கீழயா அங்கிள்?" என்று கேட்டார். எனக்கு அப்போதே லேசாக வயிற்றில் புகைந்தது.

கேஸ் போட்ட மாதத்திலேயே தீபாவளி. வேலை இல்லாத வீடு என்றாலும் புஷ்பவல்லி மைசூர் பாகு கிண்டி, தெருவுக்கெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுத்தாள். ஒரு டப்பா மட்டும் பெரியது. ஜரிகைக் காகிதம் சுற்றியிருந்தது.

"அது யாருக்குட்டி?" என்று அமலி கேட்டாள்.

"அது ஒரு பெரிய எடத்துக்குங் ஆண்ட்டி," என்றாள் புஷ்பவல்லி. எங்களுக்கு வந்தது சின்ன டப்பா என்பதை அமலி அன்று இரவு மூன்று முறை நினைவூட்டினாள்.

தீபாவளி கழிந்த வாரம்தான் கம்பெனியின் வக்கீல்கள் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டம் எளிமையானது. வாதியும் பிரதிவாதியும் ஒரே மாநிலத்துக்காரர்கள் என்றால் மாநிலக் கோர்ட். வேறு வேறு மாநிலம் என்றால், உள்ளூர்க் கோர்ட் உள்ளூர்க்காரனுக்குச் சாதகமாக நடந்துவிடும் என்று பயந்து, அசலூர்க்காரர் கேஸை ஃபெடரலுக்குக் கொண்டு போகலாம். கம்பெனியின் தலைமையிடம் ஒஹையோ. பாப் குடியிருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா. ஆகவே இரண்டு அசலூர்க்காரர்களையும் நியூ ஜெர்சி உள்ளூர்க்காரரான மயில்சாமியிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

செய்தி பரவியது. வழக்கம் போல் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து நடந்த தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மயில்சாமியை அழைத்தார்கள். "நம்மில் முதன்முதலாக ஃபெடரல் கோர்ட்டைத் தொட்டவர்" என்று நெடுஞ்செழியன் மைக்கில் அறிமுகப்படுத்தினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராதபடி தட்டினேன். பிளானோவிலிருந்து என் மகன் ஃபோன் பண்ணி, "அப்பா, மயில்சாமி அங்கிளுக்கு ஃபெடரல் கேஸாமே, கிரேட்!" என்றான். டெக்ஸாஸ் வரை போய்விட்டது. என் லெஃப்ட் டர்ன் பக்கத்துத் தெருவைத் தாண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் மயில்சாமி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய காகிதத்தை வரி விடாமல் படித்திருக்கிறார். பாப் பென்சில்வேனியாவில் குடியிருக்கிறார் என்ற இடத்தில் அவருக்கு உறுத்தியது.

"அட்ரஸ் தப்பா இருக்குதுங் சார். பாப் சார் நம்மூர்ல, ரூட் பதினெட்டுக்கு அக்கட்டாலதான் இருக்கறாரு. பாவம், லெட்டர் கிட்டர் மாறிப் போயிரும். திருத்தி ஜட்ஜய்யாவுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டேனுங்."

ஃபெடரல் கோர்ட் அந்தக் கடிதத்தைப் படித்தது. வக்கீல் இல்லாதவர் எழுதுவதைத் தாராள மனதோடு படிக்க வேண்டும் என்பது அங்கே விதி. தாராளமாகப் படித்ததில், 'பாப்பும் என் மாநிலத்துக்காரர்தான், ஆகவே என் கேஸை மாநிலக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்புங்கள்' என்று மயில்சாமி மன்றாடுவதாக அவர்களுக்குத் தெரிந்தது. விசாரணைக்குத் தேதி போட்டார்கள்.

"மயில்சாமி, கிடைச்ச ஃபெடரலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே!" என்று நெடுஞ்செழியன் தலையில் கை வைத்தார். "கிரீன் கார்டைத் திருப்பி அனுப்புற மாதிரி இருக்கு."

நான் ஆறுதல் சொன்னேன். மனதுக்குள் மத்தாப்புக் கொளுத்தினேன்.

விசாரணை நாளன்று அவரை நானே வண்டியில் கூட்டிப்போனேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஓட்ட அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான்; ஆனால் ஃபெடரல் கோர்ட்டை ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. 'அமெரிக்க அரசாங்க வாகனங்கள் மட்டும்' என்று போர்டு. இருபத்தாறு வருஷம் வரி கட்டியிருக்கிறேன். என் வண்டியில் ஒரு சக்கரமாவது அரசாங்கத்துடையதாக இருக்கும் என்று அங்கேயே நிறுத்தினேன்.

உள்ளே எங்கு பார்த்தாலும் பளிங்கு. காவலர்கள் பெல்ட்டைக் கழற்றச் சொன்னதுகூடக் கௌரவமாக இருந்தது. கம்பெனி சார்பில் மூன்று வக்கீல்கள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்து வந்தார்கள். பாப் பின்னால் குனிந்தபடி வந்தார். அவ்வளவு உயரத்துக்கும் அங்கே கதவு இடிக்காது, இருந்தாலும் குனிந்து வந்தார். அவரைக் கண்டதும் மயில்சாமி எழுந்து நின்றார். வக்கீல்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஜட்ஜ் வந்தார். வெள்ளைப் புருவம், வெல்வெட் குரல். ஆங்கிலத்தில்தான் பேசினார்; தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மிஸ்டர் மயில்சாமி, நீங்கள் எழுந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது பேச்சுரிமையா, வழிபாட்டு உரிமையா, ஒன்றுகூடும் உரிமையா என்று இந்தக் கோர்ட் தாராளமாக ஆராய்ந்தது."

"சும்மா எந்திரிச்சேனுங் சார்," என்றார் மயில்சாமி. அவர் ஆங்கிலத்தில் சொன்னாலும் இப்படித்தான் கேட்கும்.

"ஒன்றுகூடும் உரிமையாக எடுத்துக்கொள்ள மிகவும் முயன்றோம். நீங்கள் தனியாக நின்றதால் முடியவில்லை. போகட்டும். நீங்கள் வேலையை விட்டு நீக்கப்பட்டது நியாயமா இல்லையா என்று இன்று பேசக் கூடாது. அதை எந்தக் கட்டடத்தில் பேசலாம் என்று மட்டும் பேசுவோம்."

பெரிய வக்கீல் எழுந்தார். வெள்ளி முடி. கைக்குட்டைகூட இஸ்திரி போட்டிருந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் பாப், பென்சில்வேனியாவின் குடிமகன். அங்கே மீன் பிடிக்க லைசென்ஸ் வைத்திருக்கிறார். அவருடைய நாயை அங்கே பதிவு செய்திருக்கிறார். நாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனிதனின் இதயம். கம்பெனிக்கோ இதயம் ஒஹையோவில். பென்சில்வேனியாக்காரர் ஒருவர் நியூ ஜெர்சி ஜூரி முன் நின்றால் நியாயம் கிடைக்குமா? ஜூரிகள் தங்கள் சொந்த மண்ணின் மைந்தன் பக்கம்தானே சாய்வார்கள்?" என்று சொல்லி, கையை நீட்டி, மயில்சாமியைக் காட்டினார். "இதோ, நியூ ஜெர்சியின் மைந்தன்!"

எல்லோரும் மண்ணின் மைந்தனைப் பார்த்தார்கள். நெற்றியில் திருநீறு கொஞ்சம் கலைந்திருந்தது. எட்டு வருஷத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடையில், பஸ்ஸில், 'நீ எந்த ஊர்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மயில்சாமியின் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங் சார்," என்றார் எதிர்த்தரப்பு வக்கீலிடம்.

என் கண்ணும் கலங்கியது, எரிச்சலில். இருபத்தாறு வருஷம். எந்த வக்கீலாவது என் பக்கம் ஒரு விரலையாவது நீட்டியிருப்பானா?

ஜட்ஜ் கேட்டார். "மிஸ்டர் மயில்சாமி, சட்டப்படி ஒருவருடைய ஊர் என்பது அவர் தூங்குகிற இடம் அல்ல, எங்கே நிலைத்திருக்க அவர் மனம் விரும்புகிறதோ அந்த இடம். உங்கள் எண்ணம் என்ன?"

நம் ஆட்களிடம் கேட்கவே கூடாத கேள்வி.

"இன்னும் ரெண்டு வருசத்துல கோபிக்கே திரும்பிப் போயிரலாம்னு இருக்கறனுங் சார்."

பெட்டி வக்கீல்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இந்த எண்ணம் உங்களுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது?"

"எட்டு வருசமா இருக்குதுங்."

ஜட்ஜ் பேனாவை எடுத்து, 'நியூ ஜெர்சி' என்று எழுதினார்.

"இனி மிஸ்டர் ஹால்வர்சன். அவர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தீபாவளிக்கு ஸ்வீட் குடுக்கப் போயிருந்தேனுங்."

"எந்த தீபாவளி?"

"இப்ப போன தீபாவளிதானுங்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் மயில்சாமி, அதற்கு முன்பே நீங்கள் இவர் மேல் கேஸ் போட்டாகிவிட்டது."

"ஆமாங் சார்."

"யார் மேல் கேஸ் போட்டீர்களோ அவருக்கே ஸ்வீட்டும் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?"

"கேஸு கேஸுங். தீபாவளி தீபாவளிங். வருசா வருசம் குடுக்கறதை நிறுத்துனா அவிய மனசு என்னமோன்னு நினைக்காதுங்களா?"

பெரிய டப்பா போன இடம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரிய வக்கீல், "ஆட்சேபிக்கிறேன்!" என்று துள்ளினார். எதை ஆட்சேபிக்கிறார் என்று கேட்டார்கள். ஸ்வீட்டை என்றார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டு பாப்பைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஹால்வர்சன், இவர் உங்களுக்கு இனிப்புக் கொண்டு வந்தாரா?"

பாப் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாலேயே பென்சில்வேனியா, பென்சில்வேனியா என்று கெஞ்சினார். ஆனால் புஷ்பவல்லியின் மைசூர் பாகைத் தின்றவன் பொய் சொல்ல முடியாது. அது வாயில் இருந்து போனாலும் மனதில் இருந்து போகாது.

"மஞ்சளாக, சதுரமாக இருந்தது," என்றார் பாப். குரல் தழைந்துவிட்டது. "வெண்ணெயாலேயே கட்டிய செங்கல் மாதிரி. கதவைத் திறந்தேன், வாங்கினேன், வாசலிலேயே நின்று நாலு துண்டு தின்றேன். மிச்சத்தை நாய்க்குக்கூடக் கொடுக்கவில்லை."

"நாய் பென்சில்வேனியாவில் அல்லவா இருக்கிறது?"

"இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே. காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது."

வக்கீல்கள் மூவரும் ஒரே நேரத்தில் பெட்டியை மூடினார்கள். நல்ல மூடிகள், சத்தமே இல்லை.

ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன்.

"இந்தக் கோர்ட் அதிகாரம் குறைந்த கோர்ட். எங்கள் பெருமையே அதுதான். எங்களால் எதைச் செய்ய முடியாது என்பதை இந்த நாட்டில் எங்களைவிட நேர்த்தியாகச் சொல்கிறவர்கள் கிடையாது. உரிமை இல்லாத கேஸை ஒரு நிமிஷம்கூட நாங்கள் வைத்திருக்க மாட்டோம். உரிமை இல்லை என்று கண்டுபிடிப்பதற்காக மட்டுமே இரண்டு மாதம் முழுக்க வைத்திருந்தோம். மிஸ்டர் மயில்சாமி நியாயமாக நீக்கப்பட்டாரா? இந்தக் கோர்ட்டுக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. கருத்து ஏதாவது தோன்றினால் அடக்கிக்கொள்வோம். கேஸ் மாநிலக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகிறது."

மயில்சாமி எழுந்து கும்பிட்டார். கேஸில் தான் ஜெயித்தாரா தோற்றாரா என்று என்னிடம் கேட்டார். "தோத்துட்டீங்க," என்றேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பொங்கல் விழாவில் விளக்கேற்ற வேறு ஆளை அழைத்துவிட்டார்கள். நான் அமலியோடு துக்கம் விசாரிக்கப் போனேன். "மனசைத் தேத்திக்குங்க. எல்லாருக்குமா ஃபெடரல் கொடுத்து வச்சிருக்கு?" என்றேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மயில்சாமி மட்டும் தூங்கவில்லை. வேலை போய் வருஷம் திரும்பப் போகிறது. புஷ்பவல்லி பக்கத்து டேகேரில் குழந்தைகளுக்குச் சாப்பாடு ஊட்டப் போய்க்கொண்டிருந்தாள். "எஞ் சேர்ல இப்ப ஆரு உக்காந்திருக்காங்களோ, சார்," என்பார், ஒவ்வொரு நாளும்.

கேஸ் வந்து சேர்ந்ததா என்று பார்க்கக் கவுண்டி கோர்ட்டுக்கும் நான்தான் கூட்டிப்போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கேஸ் கட்டு அவள் மேஜையில்தான் கிடந்தது. அதைத் தொடவே பிடிக்காதவள் மாதிரி பென்சிலால் நகர்த்தினாள்.

"ஓஹோ, வந்துவிட்டாரா துரை? அங்கே பளிங்குத் தரையாமே. குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருமாமே. நாங்கள் பழைய லினோலியம் தரைக்காரர்கள். எங்களை விட்டுப் போனவர் எதற்கு இப்போது திரும்பி வந்தாராம்?"

"நானாப் போகலீங்க அம்மா. அவிங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் மயில்சாமி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்," என்று சொல்லி, கட்டை எடுத்து அடுக்கின் அடியில் செருகினாள். "கொஞ்ச நாள் அடியில் கிடக்கட்டும்."

பொறாமை எனக்கு மட்டும் இல்லை, சர்க்காருக்கும் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

வசந்த காலத்தில்தான் கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேலே ஒரு குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதே பாப், அதே மூன்று வக்கீல்கள், அதே பெட்டிகள். சேவகன், "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!" என்று குரல் கொடுத்தான். பக்கக் கதவு திறந்தது. சளி பிடித்த மூக்கைத் துடைத்தபடி ஒரு பெண் ஜட்ஜ் வந்தார்.

அறையில் முதலில் எழுந்தவர் பாப். ஆறடிக்கு மேல் அப்படியே விறைத்து நின்றார்.

மயில்சாமியும் எழுந்திருந்தார். ஆனால் அவர் ஜட்ஜைப் பார்க்கவில்லை; பாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"மிஸ்டர் மயில்சாமி, உங்களுக்கு வக்கீல் இல்லை. என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங். பாப் சார் இப்ப எதுக்குங் எந்திரிச்சாரு?"

பெரிய வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். எழுந்தவர், தான் எழுந்து நிற்பதை உணர்ந்து, உட்கார்ந்தார். உட்கார்ந்து ஆட்சேபிக்க முடியாது என்பதால் மறுபடி எழுந்தார். ஜட்ஜ் அவரைப் பார்த்துத் தும்மினார்.

"மிஸ்டர் ஹால்வர்சன், எதற்கு எழுந்தீர்கள்?"

"மரியாதைக்கு, கனம் கோர்ட்டார் அவர்களே."

"இங்கே எல்லோரும் சமம், இனி எழுந்திருக்கக் கூடாது என்று நான் உத்தரவு போட்டால் உட்கார்ந்திருப்பீர்களா?"

பாப் குனிந்து தன் காலைப் பார்த்தார். "முயற்சி செய்வேன்," என்றார். "ஆனால்... நான் யோசித்து எழுந்திருப்பதில்லை. அது தானாக நடந்துவிடுகிறது. முழங்கால்."

'முழங்கால்' என்றதும் மயில்சாமியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வியாதிக்காரர் இன்னொரு வியாதிக்காரரைப் பார்ப்பது மாதிரி.

வக்கீல்கள் ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டார்கள். வராந்தாவில் கோக் மெஷின் பக்கத்தில் சமரசம் பேசினார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. 'கீழ்ப்படியாமை' என்ற சொல் எங்கெங்கே எழுதப்பட்டதோ அங்கெல்லாம் அழிக்கப்படும் என்று எழுதினார்கள். எழுந்து நிற்கிற விஷயத்தில் மட்டும் மதியம் வரை இழுபறி. கடைசியில், மேனேஜர் கடந்து போகும்போது மயில்சாமி பாதி எழலாம், ஆனால் இடுப்பு நாற்காலியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் கிளம்பக் கூடாது என்று முடிவாயிற்று. சாண் என்றால் யாருடைய சாண் என்று ஒரு வக்கீல் கேட்டார். பாப் தன் கையை விரித்துக் காட்டினார். நல்ல பெரிய கை. மயில்சாமி அதில் தாராளமாக நிற்கலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அடுத்த மாதம் எனக்கு ஒரு காகிதம் வந்தது. அரசாங்க வாகனம் நிறுத்துமிடத்தில் அரசாங்கம் அல்லாத வாகனத்தை நிறுத்தியதற்காக, ஃபெடரல் கோர்ட்டில் ஆஜராகும்படி சம்மன். மேலே தடித்த எழுத்தில்: அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் சைலஸ். சைலஸ் என்றால் நான்.

நான் மூன்று முறை வாசித்தேன். பிறகு அமலியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஏயம்மா," என்றாள். "நாடே வந்துட்டே ஒங்க மேல!"

சம்மனை ஷோகேஸில், ஞானஸ்நானப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நெடுஞ்செழியன் வந்து பார்த்தார். மயில்சாமியும் வேலை முடிந்து வரும்போது எட்டிப் பார்த்தார். கழுத்தில் மூடிக் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது.

"எதுத்தாப்புல ஆருங் சார்?"

"அமெரிக்கா."

"எந்த மாநிலமுங்?"

"மொத்தமும்."

ஷோகேஸ் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "இதைத் திருப்பி அனுப்ப மாட்டாங்களா?"

"எங்கே அனுப்புவான்? அவனுக்கு மேல ஆளு இல்லையே," என்றேன். "செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு. நீங்க கட்டாயம் வரணும் மயில்சாமி. உங்க கேஸுக்கு நான் வந்தேன் பாருங்க."

"வரோணும்னு ஆசைதானுங் சார்," என்றார். "லீவு கெடைக்காதுங்களே."

செவ்வாய்க்கிழமை, கல்யாணக் கோட்டோடு நான் தனியாகப் போனேன். அமலிக்கு முழங்கால் வலி. பளிங்குத் தரை, பெல்ட், எல்லாம் அப்படியே இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு இளம் வக்கீல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சார்பில்" என்றார். அமெரிக்காவே எனக்காக எழுந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் பெஞ்சு முழுக்கக் காலி.

அந்நேரம் மயில்சாமி தன் நாற்காலியில், பாதி எழுந்தோ உட்கார்ந்தோ இருப்பார். 'லீவு கெடைக்காதுங்களே' என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக் களை. ரிடையர் ஆன எனக்கு, 'உனக்கு லீவு கிடையாது' என்று சொல்ல அமெரிக்கா முழுவதும் தேடினாலும் ஒரு ஆள் கிடைக்க மாட்டான்.

அன்று இரவும் எனக்குத் தூக்கம் வரவில்லை.